அன்றன்று எடுத்தவை

கிளினிக்கில் இராமசாமியிடம் கொடுத்த தாள் முழுவதும் சின்னஞ்சிறு கட்டங்கள். கீழே நாள்கள், பக்கவாட்டில் எண்கள். ஒவ்வொரு மாலையும் விரலில் ஊசி குத்தி, கருவி காட்டும் சர்க்கரை எண்ணுக்கு நேராக ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு புள்ளிகளைக் கோட்டால் இணைக்க வேண்டும். நான்கு வாரமும் அந்தக் கோடு பத்துக்குக் கீழே ஓடினால், ஈப்போ மருத்துவமனையில் அவருடைய வலது கண்ணுக்குப் புரை நீக்கும் அறுவைச் சிகிச்சை நடக்கும். ஓடாவிட்டால் அவருக்கு ஒதுக்கிய நாள் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த நாள் கிடைக்க எட்டு மாதம் ஆகும்.

அந்தக் கட்டங்களைப் பார்ப்பதற்குத்தான் அவருக்குக் கண் இல்லை. வலது கண்ணில் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்தது. இடது கண்ணிலும் புரை தொடங்கியிருந்தது. இரண்டு நாள் முயன்றார். ஏழு என்ற எண்ணுக்கு வைத்த புள்ளி பதினொன்றில் போய் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, அகலக் கோடு போட்ட ஒரு நோட்டை வாங்கிவந்து, தடித்த பேனாவால் வாக்கியங்களாக எழுதத் தொடங்கினார். தாளின் அடியில் இருந்த தமிழ் வரியை மட்டும் மனைவி நல்லம்மாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். “அன்றன்று எடுத்தவற்றையும் குறிப்பிடவும்” என்றிருந்தது அந்த வரி. உட்கொண்டவை என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மொழிபெயர்த்தவர் யாரோ, உண்பதற்கும் பருகுவதற்கும் மருந்து விழுங்குவதற்கும் சேர்த்து ஒரே வினையைப் போட்டு முடித்திருந்தார்.

இராமசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஏழாம் கட்டையில், அதாவது ஏழாவது மைலில், இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தபோது கட்டுரைக்கு அவருக்குத்தான் முதல் மதிப்பெண்; படம் பார்த்து எண் சொல்லும் கணக்கு வந்தால் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார். பதினாறு வயதில் பால் வெட்டத் தொடங்கினார். தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, ஈப்போவில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஒன்பது ஆண்டு காவலாளியாக நின்றார். நிற்கும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. பிறகு சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி, ஒரு சீனத் தவுக்கேக்கு, அதாவது முதலாளிக்கு, சொந்தமான ஐந்நூறு ரப்பர் மரங்களின் பட்டையைப் பாலுக்காக வெட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தாமான் என்ற குடியிருப்புப் பகுதியில் வீடு. நல்லம்மாளுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் வாயில் ரப்பர் மரத்துப் பால் வெறும் பால்தான். அதற்கு அடைமொழி கிடையாது. மாட்டுப் பாலுக்குத்தான் பசும்பால் என்று அடைமொழி சேர்ப்பார்கள். மரத்தில் கட்டியிருக்கும் சின்னக் கிண்ணம் மங்கு. மங்கில் வடிந்த பாலைச் சேகரிப்பது பால் எடுப்பது. மழை வந்துவிட்டால் மரத்தை வெட்ட முடியாது. அப்போது, முந்தின நாள் மங்கிலேயே உறைந்து கிடப்பதைப் பிடுங்கிச் சாக்கில் போட்டு வருவார்கள். அது கட்டிப்பால்.

ஆகவே, எடுத்தவற்றை எழுது என்று கேட்ட தாளுக்கு இராமசாமி மிகுந்த நேர்மையோடு பதில் எழுதினார்.

“திங்கள். காலையில் மருந்து எடுத்தேன். வெறுங்காப்பி குடித்தேன். பிறகு பால் எடுத்தேன். பால் நன்றாக இருந்தது. மத்தியானம் சோறு, கீரை, நெத்திலி. சாயங்காலம் பார்த்ததில் 7.4.”

“செவ்வாய். மருந்து எடுத்தேன். பால் நிறைய எடுத்தேன். 6.9.”

“வியாழன். விடிய விடிய மழை. பால் இல்லை. கட்டிப்பால் மட்டும் எடுத்தேன். வீட்டில் படுத்திருந்தேன். 9.7.”

“ஞாயிறு. விடுப்பு எடுத்தேன். கல்யாண வீட்டில் படம் எடுத்தோம். 9.1.”

இருபத்தெட்டு நாளுக்கு இருபத்தெட்டு பத்தி. ஒரு நாளும் விடுபடவில்லை.

கிளினிக்கின் டாக்டர் மலாய்க்காரர். தமிழ் படிக்கத் தெரியாது. ஒரு நோயாளிக்கு அவரால் ஒதுக்க முடிந்த நேரம் ஐந்து நிமிடம். எனவே நோட்டு, உணவு ஆலோசனை அதிகாரி கௌசிகாவின் மேசைக்கு வந்தது. கௌசிகா ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் அம்மா விடாமல் பேசிய தமிழும், சனிக்கிழமை வகுப்பில் கற்ற எழுத்தும் அவளுக்கு இருந்தன. ரப்பர் மரத்தை அவள் காரில் போகும்போது கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள்.

அவள் வேலையை முறையாகச் செய்பவள். சொல்லை எண்ணாக மாற்றுவதற்கு முன், ஒரு தனித்தாளில் விதி எழுதிக்கொண்டாள். “பால் எடுத்தேன்” என்றால் இரண்டு கோப்பை. “பால் நிறைய எடுத்தேன்” என்றால் மூன்று. “பால் குறைவு” என்றால் ஒன்று. கட்டிப்பால் என்பது தகரக் குவளையில் வரும் கெட்டியான இனிப்புப் பால். அதற்குக் கறுப்புக் கோப்பை. விடுப்பு, படம் ஆகியவை உண்ணத் தக்கவை அல்ல, நீக்கப்பட்டன. கணினியில் கைப்பிடிக் காதோடு ஒரு கோப்பைப் படத்தைத் தேர்ந்தெடுத்து, நாளுக்கு நாள் அடுக்கி, படக்குறிவரைவு ஒன்றை அமைத்தாள். அதன் மேலேயே சர்க்கரை அளவைச் சிவப்புக் கோடாக ஓடவிட்டாள்.

முடித்துப் பார்த்தபோது அவளுக்கே குழப்பமாக இருந்தது. கோப்பைகள் அதிகமான நாள்களில் சிவப்புக் கோடு கீழே இறங்கியிருந்தது. கறுப்புக் கோப்பை நாள்களில் ஏறியிருந்தது. கெட்டிப் பால் சர்க்கரையை ஏற்றும், அது விளங்குகிறது. சாதாரணப் பால் மூன்று கோப்பை குடித்தால் எப்படி இறங்கும்? இவ்வளவு பால் குடிக்கும் மனிதர் காலையில் ஏன் வெறுங்காப்பி குடிக்கிறார்? தாளின் ஓரத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டாள். பிறகு, கேட்டுத் தெளிவோம் என்று இராமசாமியையே உள்ளே அழைத்தாள்.

“அங்கிள், நீங்கள் வடிவா எழுதியிருக்கிறீங்கள்.”

“நன்றி மிஸ்ஸி.” வெள்ளை அங்கி போட்ட பெண்கள் எல்லாரும் அவருக்கு மிஸ்ஸிதான்.

“பால் நிறைய எடுக்கிறீங்கள் போல?”

“ஆமா மிஸ்ஸி. அதான நம்ம பொழப்பே.”

“எப்பவிருந்து இந்தப் பழக்கம்?”

“பதினாறு வயசுலேருந்து. எங்கப்பா, எங்கம்மா, எல்லாரும் பால்தான். எங்கம்மா நான் வயித்துல இருக்கும்போதுகூட எடுத்தாங்களாம்.”

“அது நல்லதுதான்.”

“நல்லதா? என்னா மிஸ்ஸி அப்படிச் சொல்றீங்க, பாவம் அவங்க.”

கௌசிகா ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். கர்ப்பிணிகளுக்குப் பால் பிடிக்காமல் போவதுண்டு என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போனாள்.

“இந்தக் கட்டிப்பாலைக் கொஞ்சம் குறைக்க ஏலாதோ?”

“மழ பேஞ்சா வேற என்னா செய்யறது மிஸ்ஸி? அதுவாச்சும் எடுத்தாதான் மனசு ஆறும்.”

மழை நாளில் மனம் சோர்ந்து இனிப்புத் தேடுகிறார் என்று கௌசிகா குறித்துக்கொண்டாள். அவள் சொந்த அக்காளுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது.

டாக்டர் படத்தைக் கையில் வாங்கினார். வாக்கியம் எதையும் அவர் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லாதபடி படம் இருந்தது. கோப்பைகளை விரலால் தட்டினார்.

“அங்கிள், சூசு கெனா பெர்ஹெந்தி. செமுவா சூசு.”

பாலை நிறுத்த வேண்டும், எல்லாப் பாலையும் என்பது அதன் பொருள். மலாயிலும் மாட்டுப் பால் சூசுதான். மரத்துப் பாலும் பேச்சில் சூசுதான். இராமசாமியின் முகம் வாடியது.

“செம்பாய் பிலா, டாக்டர்?” எதுவரைக்கும் என்று கேட்டார்.

அறுவைச் சிகிச்சை வரைக்கும். கோடு இதுவரை பத்தைத் தாண்டவில்லைதான்; ஆனாலும் சிகிச்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருப்பதால், நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை சிவப்புக் கோட்டைப் பார்த்துத்தான் முடிவு. இறங்கியிருக்க வேண்டும்.

இராமசாமி தயங்கி நின்றார். பிறகு, தவுக்கேயிடம் காட்டுவதற்கு ஒரு கடிதம் கிடைக்குமா என்று கேட்டார். பால் குடிப்பதை நிறுத்துவதற்கு ஒருவர் தம் தவுக்கேக்கு ஏன் கடிதம் கொண்டுபோக வேண்டும் என்பது டாக்டருக்கு விளங்கவில்லை. வாயால் சொன்னால் போதும் என்று சிரித்துக்கொண்டே சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

படத்தின் ஒரு பிரதியை இராமசாமியிடம் கொடுத்தார்கள். அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினார். இடது கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தபோது வரிசை வரிசையாகக் கிண்ணங்கள் மங்கலாகத் தெரிந்தன.

“பாத்தியா, மங்கு போட்டிருக்கு. எத்தன நாளு வேலைக்குப் போயிருக்கேன்னு கம்ப்யூட்டர்ல எடுத்துட்டாங்க.”

“வேலைக்குப் போனதுக்குப் பரிசா குடுத்தாங்க?” என்றாள் நல்லம்மாள். காலையிலிருந்து நூறு பிள்ளைகளுக்கு மீ கோரெங் நூடுல்ஸ் அள்ளிப் போட்ட களைப்பில் அவள் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வெட்டக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். பாலையே நிறுத்தணுமாம்.”

“ஏனாம்?”

அதற்கு விடையைச் சந்தைக்கு எதிரிலிருந்த காப்பிக் கடையில் யுகேந்திரன் கொடுத்தான். அவன் லாரி ஓட்டுபவன். இராமசாமியோடு ஒரே லயத்தில் வளர்ந்தவன். தெரியாது என்ற சொல்லை ஒருபோதும் பயன்படுத்தாதவன்.

“ஆசிட்டு மச்சான்! பால் உறையறதுக்கு மங்குல ஊத்துறியே, அந்த ஆசிட்டு. அந்த ஆவி நேரா கண்ணுக்குப் போவுது. படிச்சவரு, சும்மாவா சொல்லுவாரு?”

“முப்பது வருசமா ஒண்ணும் ஆவலையேடா.”

“முப்பது வருசமா சேந்து சேந்துதான் இப்ப ஆயிருக்கு. ஒனக்கு ஒண்ணுமே தெரியலயே லா.”

இராமசாமிக்கு அது பொருத்தமாகவே பட்டது. கடந்த ஆறு மாதத்தில் அவருடைய கத்தி நாற்பது மரங்களின் பட்டையில் அளவுக்கு மேல் ஆழமாக இறங்கியிருந்தது. காயம்பட்ட மரத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும்; அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. தவுக்கே ஒருநாள் வந்து, ஒவ்வொரு காயத்தையும் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். கண் சரியானால்தான் மரம் அவரிடம் நிற்கும். கண்ணுக்காக ஒரு மாதம் மரத்தைவிட்டு விலகியிருக்கச் சொன்னால் இருக்கத்தான் வேண்டும். தவுக்கேயும் ஒரு மாதம் மரங்கள் இளைப்பாறட்டும் என்றார். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்றும் சொல்லிவைத்தார்.

மறுநாள் முதல் இராமசாமி வீட்டில் இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடியுமுன் எழுந்த உடம்பு விடியுமுன் எழுந்து, போகுமிடம் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தது. ஒன்பது மணிக்கு மேல் காப்பிக் கடைக்குப் போவார். ரப்பர் காட்டுக்குப் போகும் நாள்களில் புட்டியில் வெறுங்காப்பி கொண்டுபோவது வழக்கம். கடையில் உட்கார்ந்தால் தேத்தண்ணிதான். அந்தக் கடையில் தேத்தண்ணி என்றால், கண்ணாடிக் குவளையின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இனிப்பு டின்பால் நின்றால்தான் அதற்குத் தேத்தண்ணி என்று பெயர். காலையில் ஒன்று, பத்தரைக்கு ஒன்று, யுகேந்திரனின் லாரி திரும்பிவந்தால் மாலையில் மற்றொன்று.

நோட்டில் மறைக்காமல் எழுதினார்: “மருந்து எடுத்தேன். பால் எடுக்கவில்லை. தேத்தண்ணி குடித்தேன். 10.8.”

“பால் எடுக்கவில்லை. 11.5.”

“பால் எடுக்கவில்லை. மனது சரியில்லை. 12.2.”

எண் ஏறுவது அவருக்குப் புரிந்தது. ஏன் ஏறுகிறது என்பது புரியவில்லை. டாக்டர் சொன்னதைத்தானே செய்கிறோம்? கருவி கெட்டுவிட்டதோ என்று நல்லம்மாளின் விரலில் குத்திப் பார்த்தார். அவளுக்கு 5.6 காட்டியது.

“என் வெரல விடுங்க. மிசினு நல்லாத்தான் இருக்கு. ஒக்காந்த எடத்துலேயே ஒக்காந்திருந்தா சீனி எந்திரிச்சு நிக்காம என்னா செய்யும்?”

“ஆசிட் வாடைக்குப் போவக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“டாக்டரு சொன்னாரா, யுகேந்திரன் சொன்னானா?”

இராமசாமி யோசித்தார். டாக்டர் ஆசிட் என்று சொன்னதாக நினைவில்லை. ஆனால் பாலை நிறுத்து என்றது உறுதி. இரண்டு காதாலும் கேட்டிருக்கிறார்.

நான்கு வாரம் முடிந்து கிளினிக்குக்குப் போனபோது நல்லம்மாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். கௌசிகா நோட்டை இருபத்தெட்டு நாளும் புரட்டினாள். தேத்தண்ணி என்ற இடத்தில் அவள் கண் தங்கவே இல்லை. அவள் அம்மா வீட்டில் தேத்தண்ணி என்றால் பாலில்லாத சாயம். பால் சேர்ந்தால்தான் பால் தேத்தண்ணி. புதிய படம் தயாரானது. ஒரு கோப்பைகூட இல்லை. கறுப்புக் கோப்பையும் இல்லை. வெறுமையான அந்தத் தாளில் சிவப்புக் கோடு மட்டும் படியேறிப் பதின்மூன்றைத் தொட்டு நின்றது.

டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கௌசிகாவிடம் மலாயில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். நோயாளி உண்மையை எழுதவில்லை. சிகிச்சைக்கு ஒதுக்கிய அடுத்த செவ்வாய்க்கிழமையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அவ்வளவும் இராமசாமிக்குக் கேட்டது. பொய் என்ற சொல் மலாயில் இருந்தாலும் அது அவருக்குத் தெரிந்த சொல்தான்.

“மிஸ்ஸி, நான் ஒரு எழுத்துகூடப் பொய் எழுதல.” நோட்டைத் தொட்டுக் காட்டினார்.

கௌசிகாவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அவளுடைய பழைய இரண்டு கேள்விக்குறிகளும் இன்னும் அந்தத் தாளின் ஓரத்தில்தான் இருந்தன. ஐந்து நிமிடம் தரும்படி டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் இருவரையும் தன் மேசைக்கு அழைத்துவந்தாள்.

“அங்கிள், கோவிக்காதேங்கோ. வீட்டில ஒளிச்சுப் பால் எடுக்கிறீங்களோ?”

இதற்கு நல்லம்மாள் முந்திக்கொண்டாள். “ஒளிச்சா? பாலை எப்படிம்மா ஒளிச்சு எடுக்கறது? மோட்டாரு பின்னாடி கட்டிப்பாலு மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்தாருன்னா முக்குல திரும்பும்போதே தாமான் பூரா நாத்தம் அடிக்கும். அதுக்கே நான் அவரை வாசல்லயே நிக்கவச்சுக் குளிக்கச் சொல்லுவேன்.”

கௌசிகா பேனாவை எடுத்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்தாள். மூட்டைக் கணக்கில் டின்பாலா? நாற்றமா? குளியலா?

அவளுக்கு ஒரு வழி தோன்றியது. நோட்டிலிருந்து தான் படம் செய்ததுபோல, படத்திலிருந்து அவரையே வாக்கியம் செய்யச் சொன்னால் என்ன? பழைய படத்தை அவர் முன்னால் நகர்த்தினாள்.

“இதில உள்ளதை எனக்கு வாயால சொல்லுங்கோ. முதலாம் நாள் என்ன இருக்கு?”

இராமசாமி தாளை இடது கண்ணருகே கொண்டுபோனார். “திங்கக்கெழம. ரெண்டு மங்கு.”

“மங்கு எண்டால் இந்தக் கிண்ணம். சரி. ரெண்டு மங்கு பால். சரியோ?”

“அதுதான் மிஸ்ஸி எனக்கு வெளங்கல. ஏன் ரெண்டு மட்டும் போட்டிருக்கீங்க?”

“அப்ப எத்தனை?”

“ஐந்நூறு.”

“என்ன?”

“ஐந்நூறு மங்கு. ஒரு நாளைக்கு. சில மரம் பட்டுப்போச்சு, நானூத்தித் தொண்ணூறுன்னு வச்சுக்குங்க.”

கௌசிகா அவர் முகத்தைப் பார்த்தாள். நல்லம்மாளின் முகத்தைப் பார்த்தாள். இருவரும் விளையாடவில்லை.

“அங்கிள்,” என்றாள் மிக மெதுவாக. “இந்த மங்கை எங்க வைப்பீங்கள்?”

“மரத்துலதான் மிஸ்ஸி. கம்பியில கட்டி.”

முதலில் சிரித்தவள் நல்லம்மாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“ஐயோ சாமி! இந்தப் பொண்ணு, நீங்க அத்தனையும் குடிக்கிறீங்கன்னு நெனச்சிருக்கு! ஏங்க, ரப்பர் பாலைக் குடிச்சா கண்ணு மட்டுமா ஒட்டிக்கும்?”

இராமசாமி சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. “அப்போ டாக்டரு எந்தப் பாலை நிறுத்தச் சொன்னாரு?”

“குடிக்கிற பாலை, அங்கிள்.”

“நான் பால் குடிக்கிறதே இல்லையே.”

“பிறகேன் சீனி ஏறிச்சு? தேத்தண்ணி பாலில்லாமலா குடிச்சீங்கள்?”

“பாலில்லாம என்னா தேத்தண்ணி? கடையில டின்பால் ஊத்தித்தான் குடுப்பான். காட்டுக்குப் போனாத்தான் வெறுங்காப்பி. நீங்க போவக் கூடாதுன்னீங்க. அதான் தெனம் கடையில மூணு.”

கௌசிகா தலையில் கையை வைத்துக்கொண்டாள். டின்பாலை நிறுத்துவதற்காக இட்ட கட்டளை, டின்பால் குடிக்காத மனிதரைக் கடையில் உட்காரவைத்து நாளுக்கு மூன்று குவளை குடிக்கவைத்திருந்தது. அவர் மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாக நடந்த நடைதான் சிவப்புக் கோட்டை இத்தனை நாளும் கீழே பிடித்து வைத்திருந்தது. அந்த நடையையும் அதே கட்டளை நிறுத்தியிருந்தது. அவளுடைய முதல் படத்தில் ஓர் எண்கூடத் தவறில்லை. கோடு சரி, நாள் சரி, கூடியதும் குறைந்ததும் சரி. கோப்பையின் பக்கத்தில் எழுதிய ஒரே ஒரு சொல்தான் வேறு.

டாக்டரின் அறையில் அவள் படத்தைத் திரும்பவும் பத்தியாக மாற்றினாள். மலாயில், நான்கு வாக்கியத்தில். “சூசு கெத்தா” என்ற இடம் வந்தபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ரப்பர் பால். மலாய்க் கிராமமான அவருடைய சொந்தக் கம்பத்திலும் ரப்பர் மரங்கள் இருந்தனவாம்.

“அங்கிள், கெனாப்பா தா சாக்காப்?” ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“டாக்டர் சூசுன்னீங்க. நானும் சூசுன்னுதான் கேட்டுக்கிட்டேன்,” என்று இராமசாமி தமிழிலேயே சொல்லி, அதையே மலாயிலும் சொன்னார். இரண்டிலும் அது ஒரே மாதிரிதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமையை உடனே விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தார். ஆறு நாள் இருந்தது. மறுநாளே காட்டுக்குப் போக வேண்டும். கடைத் தேத்தண்ணி கூடாது. திங்கட்கிழமை காலையில் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். பத்துக்குக் கீழே இருந்தால் ஈப்போ. இல்லாவிட்டால் எட்டு மாதம்.

வியாழன் முதல் நான்கு நாளும் இராமசாமி மரங்களுக்கிடையே நடந்தார். இரண்டு நாள் மழை, வெட்ட முடியாது. கட்டிப்பாலும் அதிகமில்லை. ஆயினும் மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மரமாகப் போய் மங்கைக் கவிழ்த்து நிமிர்த்திவிட்டு வந்தார். யுகேந்திரன் காப்பிக் கடையிலிருந்து கைபேசியில் கூப்பிட்டான்.

“என்னா மச்சான், ஆசிட்டு வாடை கண்ணுக்கு ஆவாதுன்னு சொன்னேனே!”

“ஒன் வாய்தான்டா ஆவாது.”

“வா, ஒரு தே குடிச்சிட்டுப் போலாம்.”

“வைடா போன.”

வியாழன் மாலை 11.9. வெள்ளி 11.0. சனி 10.4. ஞாயிறு 10.1. பத்துக்கு மேலிருந்த அந்தப் புள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு அவர் கருவியை இரண்டு முறை அணைத்து மறுபடி போட்டார். நல்லம்மாள் வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை கிளினிக்கில் 9.3.

கௌசிகா அதற்குப் படம் போடவில்லை. தாளை எடுத்து, ஒரே வரி எழுதி, டாக்டரின் கையெழுத்து வாங்கி, இராமசாமியிடம் நீட்டினாள். செவ்வாய்க்கிழமை ஈப்போவில் அவருடைய வலது கண்ணிலிருந்து புரை எடுக்கப்பட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது, அங்கிருந்த தாதி ஓர் அச்சிட்ட தாளைக் கொடுத்தாள். மூன்று வாரம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணில் தூசியோ வியர்வையோ படக் கூடாது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டாள். இராமசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்லை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்: மரம், கத்தி, சூசு கெத்தா. குடிக்கிற சூசு இல்லை. தாதி அதையெல்லாம் கேட்கவில்லைதான். இருந்தாலும் தலையாட்டிவிட்டு, சூசு மூன்று வாரம் வேண்டாம் என்றாள்.

அவர் கேள்வி கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

வாடகைக் காரில் வரும்போது ஒரு கண்ணில் மூடியோடு அவர் நல்லம்மாளிடம் கேட்டார். “எந்த சூசு?”

“வெட்டுற சூசுங்க.”

“குடிக்கிறது?”

“அதை மொதல்லயே நிறுத்தியாச்சே.”

“சரி, எதுக்கும் ரெண்டையும் நிறுத்திடறேன்.”

தவுக்கேயிடம் நல்லம்மாளே பேசினாள். இன்னும் மூன்று வாரம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று இழுத்துப் பேசி முடித்தாள்.

மறுநாள் காலை மூடியை எடுத்துச் சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது. நல்லம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பசையை மெல்ல உரித்தாள். இராமசாமி கண்ணைச் சிமிட்டினார். நீர் வடிந்தது. வெளிச்சம் முதலில் வலித்தது. பிறகு வலி தணிந்தது. அடுக்களைச் சுவரின் நீலம், சன்னல் கம்பியில் துரு, நாள்காட்டியில் சிவப்பு எண்கள் என்று ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. எழுந்து குளிர்பெட்டியின் அருகே போனார். காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்த பழைய படத்தைக் குனியாமல், நேராக நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நல்லம்மா, இங்க வா.”

“என்னாங்க? வலிக்குதா?”

“இல்ல. இதைப் பாரேன்.” அவர் விரல் திங்கட்கிழமையின் முதல் கிண்ணத்தில் நின்றது. “இந்த மங்குக்குக் காது இருக்கு.”